நேட்டோவில் போகாத இறையாண்மை ஐரோப்பிய ராணுவத்தில் மட்டும் போய்விடுமா?

உங்கள் கேள்வி பார்க்க ஒன்று, உள்ளே இரண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள், பெரும்பாலானவற்றில் ஒரே காசு, எல்லை தாண்டினால் பாஸ்போர்ட் கேட்க ஆளில்லை, ராணுவத்தை மட்டும் ஏன் ஆளுக்கொன்றாக வைத்திருக்கிறார்கள், சேர்த்துவிட்டால் செலவு மிச்சம், ரஷ்யாவுக்கும் பயம் வருமே என்று கேட்டிருக்கிறீர்கள். அது முதல் பாதி. கடைசி வரியில் ஒரு கொக்கி: "ஒரே ராணுவம் என்றால் இறையாண்மை போய்விடும் என்கிறார்கள், அமெரிக்க ஜெனரலுக்குக் கீழே நேட்டோவில் இத்தனை வருடம் இருந்தபோது போகாததா?" எனக்கு அந்தக் கொக்கிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. ஒரு சிப்பாயைச் சண்டைக்குப் போ என்று சொல்லும் அதிகாரம் வேறு, போகாதே என்று தடுக்கும் அதிகாரம் வேறு. நேட்டோ முதலாவதில் கொஞ்சத்தை வாங்கிக்கொண்டு இரண்டாவதை அந்தந்த நாட்டிடமே விட்டுவைத்தது. ஐரோப்பிய ராணுவம் என்று யார் கிளம்பினாலும் இரண்டாவதில் கைவைத்தாக வேண்டும், வண்டி ஒவ்வொரு தடவையும் அங்கேதான் நிற்கிறது.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன், எதை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். இருபத்திரண்டு வருடம் கல்லூரியில் பாதுகாப்பியல் பாடம் நடத்தினேன், அதில் பாதி ஐரோப்பியக் கூட்டணிகளைப் பற்றியது. சீருடை போட்டதில்லை. ஒப்பந்தத்தையும் தீர்ப்பையும் படித்துச் சொல்வேன், குண்டு விழும் இடத்தில் அவை என்ன ஆகின்றன என்பதை என்னிடம் படிக்க வந்த ராணுவ அதிகாரிகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அப்படி வந்தவர்களில் ஒருவர் ஐ.நா. அமைதிப்படையில் ஒரு வருடம் இருந்தவர். நான் கரும்பலகையில் தளபதி, துணைத் தளபதி, ஒவ்வொரு நாட்டுப் படைப்பிரிவு என்று அம்புக்குறி போட்டு வரைந்துகொண்டிருந்தேன். அவர் எழுந்து, "சார், படத்துல ஒரு டெலிபோனை விட்டுட்டீங்க" என்றார். ஐ.நா. தளபதியிடமிருந்து சிக்கலான உத்தரவு ஏதாவது வந்தால் ஒவ்வொரு படைப்பிரிவின் தலைவரும் முதலில் தன் தலைநகருக்கு ஒரு போன் போடுவாராம், அங்கிருந்து சரி என்று பதில் வந்த பிறகுதான் வண்டி கிளம்புமாம். அதற்குப் பிறகு அந்தப் படத்தை நான் டெலிபோன் இல்லாமல் வரைந்ததில்லை. உங்கள் கேள்விக்கு நான் சொல்லப்போகும் எல்லாமே அந்த டெலிபோனைப் பற்றித்தான்.

முதலில் நேட்டோ. ராணுவத்தில் கட்டளை என்பது ஒரே பொருள் தரும் சொல் இல்லை. முழுக் கட்டளை என்று ஒன்று உண்டு: ஆளெடுப்பது, சம்பளம், பதவி உயர்வு, தண்டனை, எங்கே அனுப்புவது, எப்போது திருப்பி அழைப்பது எல்லாம் அதில் சேர்த்தி. செயல்பாட்டுக் கட்டுப்பாடு என்பது இன்னொன்று: இந்த வேலைக்கு, இந்த இடத்தில், இவ்வளவு காலத்துக்கு என் படையை நீ நடத்திக்கொள் என்று இரவல் கொடுப்பது. நேட்டோவின் ஐரோப்பியத் தலைமைத் தளபதி 1951-ல் ஐசனோவர் தொடங்கி இன்றுவரை அமெரிக்கர்தான், ஆனாலும் அவர் கைக்கு வருவது இந்த இரவல் மட்டுமே. அதிலும் நிபந்தனை போடுவார்கள். ஆப்கானிஸ்தானில் நேட்டோ இருந்த காலத்தில் என் ஆட்கள் வடக்கில்தான் இருப்பார்கள், தெற்கே வரமாட்டார்கள் என்ற மாதிரி நிபந்தனைகளை ஜெர்மனி உட்படப் பல நாடுகள் போட்டிருந்தன, தளபதிகளுக்குப் பாதித் தலைவலி தாலிபானால், மீதி இந்த நிபந்தனைகளால்.

நேட்டோ ஒப்பந்தத்தின் ஐந்தாம் ஷரத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், ஒருவர் மேல் தாக்குதல் என்றால் எல்லோர் மேலும் தாக்குதல் என்று. அதே ஷரத்தில் கொஞ்சம் கீழே வருவதைப் பலர் படிப்பதில்லை: ஒவ்வொரு நாடும் தனக்குத் தேவை என்று படுகிற நடவடிக்கையை எடுக்கும், அதில் ஆயுதபலமும் அடங்கலாம். 1949-ல் இதை இப்படி எழுதியதற்குக் காரணம் அமெரிக்க செனட். போரை அறிவிப்பது எங்கள் நாடாளுமன்றத்தின் உரிமை, அதை ஒரு ஒப்பந்தம் தானாக எடுத்துக்கொள்ள விடமாட்டோம் என்றார்கள். ஆக, இறையாண்மையைப் பற்றிய முதல் கவலை அந்தக் கூட்டணியில் பட்டது சின்ன நாட்டுக்கு இல்லை, இருப்பதிலேயே பெரிய நாட்டுக்கு. அப்புறம் பதின்மூன்றாம் ஷரத்து இருக்கிறது. இருபது வருடம் கழிந்த பிறகு யார் வேண்டுமானாலும் ஒரு வருட நோட்டீஸ் கொடுத்து விலகலாம். 1966 மார்ச்சில் பிரெஞ்சு ஜனாதிபதி டி கால் அமெரிக்க ஜனாதிபதி ஜான்சனுக்குக் கடிதம் எழுதி பிரான்சைக் கூட்டுக் கட்டளை அமைப்பிலிருந்து வெளியே எடுத்தார், அமெரிக்கத் துருப்புகள் மூட்டை கட்டின, நேட்டோ தலைமையகம் பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்குப் போனது. பிரான்ஸ் உறுப்பினராகவே இருந்தது, 2009-ல் திரும்பவும் கட்டளை அமைப்புக்குள் வந்தது. கதவு இரண்டு பக்கமும் திறக்கும் வீட்டில் குடியிருப்பதை யாரும் சிறை என்று சொல்வதில்லை.

கதவு திறக்காத கூட்டணி எப்படி இருக்கும் என்பதற்கும் அதே காலத்தில் உதாரணம் உண்டு. நேட்டோவுக்கு எதிராக சோவியத் யூனியனும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளும் வைத்திருந்த வார்சா ஒப்பந்தத்தின் தலைமைத் தளபதி எப்போதும் ஒரு சோவியத் மார்ஷல், சோவியத் பாதுகாப்புத் துறையின் துணை அமைச்சரும் அவரே. 1968-ல் செக்கோஸ்லோவாக்கியா கொஞ்சம் தன்னிஷ்டத்துக்கு நடக்கப் பார்த்ததும் அதன் கூட்டாளிகளின் டாங்குகளே பிராகுக்குள் வந்தன. ருமேனியா மட்டும் படை அனுப்ப மறுத்தது. காகிதத்தில் அதுவும் சமமான நாடுகளின் கூட்டணிதான்.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். ஐரோப்பிய ராணுவம் என்பது புது யோசனை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை, அது ஒரு தடவை ஒப்பந்தமாகி, கையெழுத்தாகி, நாலு நாட்டு நாடாளுமன்றங்கள் ஒப்புதலும் கொடுத்து, கடைசிப் படியில் விழுந்தது. வகுப்பில் நான் மிகவும் விரும்பி நடத்திய கதை இது, அதனால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1950 ஜூனில் கொரியப் போர் வெடித்தது. அமெரிக்காவுக்கு ஒரே பதற்றம், இதே மாதிரி ஜெர்மனியில் நடந்தால் தடுக்க ஆளில்லையே என்று. செப்டம்பரில் வெளியுறவு அமைச்சர் அச்செசன் மேற்கு ஜெர்மனிக்கு மறுபடியும் ஆயுதம் கொடுக்க வேண்டும் என்று கூட்டாளிகளிடம் சொன்னார். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. பாரிஸில் ஜெர்மானிய பூட்ஸ் சத்தத்தைக் கேட்டவர்கள் இன்னும் அதே வீடுகளில் குடியிருந்தார்கள். பிரான்ஸால் சரி என்றும் சொல்ல முடியவில்லை, அமெரிக்கக் காசும் பாதுகாப்பும் வேண்டியிருந்ததால் முடியாது என்றும் சொல்ல முடியவில்லை. அப்போது நிலக்கரி எஃகுக் கூட்டமைப்புக்கு யோசனை கொடுத்த ழான் மொன்னே இதற்கும் ஒரு வழி சொன்னார், பிரதமர் ரெனே பிளேவன் அதை அக்டோபர் 24-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் வைத்தார். ஜெர்மன் ராணுவம் என்று ஒன்று வேண்டாம், ஜெர்மன் சிப்பாய்கள் மட்டும் இருக்கட்டும். அவர்களைச் சிறு சிறு பிரிவுகளாக ஒரு ஐரோப்பிய ராணுவத்துக்குள் கலந்துவிடலாம். ரஷ்யர்களைவிடப் பலமான, ஆனால் பிரெஞ்சுக்காரர்களைவிடப் பலவீனமான ஜெர்மன் ராணுவம் கேட்கிறார்கள் என்று அந்தக் காலத்தில் கேலி செய்தார்கள்.

பேரம் பேசிப் பேசி அது மாறியது. கலப்பு மிகக் கீழ்மட்டத்தில் என்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்று ராணுவக்காரர்கள் சொன்னார்கள், சமமாக நடத்தாவிட்டால் வரமாட்டேன் என்றார் மேற்கு ஜெர்மனியின் ஆட்சித் தலைவர் அடினாவர். கடைசியில் ஏறக்குறைய பதின்மூன்றாயிரம் பேர் கொண்ட, ஒரே நாட்டவர்களாலான பிரிவுகள், அதற்கு மேல்தான் கலப்பு என்று முடிந்தது. 1952 மே 27-ஆம் தேதி பாரிஸில் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆறும் கையெழுத்துப் போட்டன. ஐரோப்பியப் பாதுகாப்புச் சமூகம் என்று பெயர். ஒரே சீருடை, பொதுவான பட்ஜெட், நிர்வாகத்துக்கு ஒன்பது பேர் கொண்ட ஆணையம். கடல் கடந்த பிரதேசங்கள், தலைவர்களின் மெய்க்காவல் மாதிரி சில தேவைகளைத் தவிர ஐரோப்பாவில் எந்த உறுப்பு நாடும் தனிப்படை வைத்துக்கொள்ளக் கூடாது. காலம் 50 வருடம். நேட்டோவின் ஒரு வருட நோட்டீஸோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். டெலிபோன் கம்பியை நேட்டோ தொடவில்லை. இது கம்பியை அறுத்துவிட்டு, பேச வேண்டுமென்றால் எல்லோரும் ஒரே அறைக்கு வாருங்கள் என்றது.

பிரிட்டன் சேரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1950 ஆகஸ்டில் ஸ்ட்ராஸ்பர்கில் எழுந்து நின்று ஐரோப்பிய ராணுவம் வேண்டும் என்று முழங்கியவர் சர்ச்சில், அப்போது அவர் எதிர்க்கட்சித் தலைவர். அடுத்த வருடம் பிரதமரானதும் அது உங்களுக்கு நல்லது, எங்களுக்குச் சரிவராது என்கிற தொனிக்கு மாறிவிட்டார். பிரான்ஸுக்கு இது பெரிய அடி. பிரிட்டனும் உள்ளே இருந்தால் ஜெர்மனிக்கு எதிர்ப் பாரம் இருந்திருக்கும், இல்லையென்றால் அந்தப் பாரம் முழுக்கத் தன் தலையில். அதே நேரம் பிரான்சின் தேர்ந்த அதிகாரிகள் இந்தோசீனாவில் செத்துக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனி 12 பிரிவுகளைக் கொண்டுவந்து நிறுத்தினால் ஐரோப்பிய ராணுவத்தில் யார் கை ஓங்கும் என்று கணக்குப் போட்டவர்களுக்குத் தூக்கம் வரவில்லை.

ஜெர்மனியும் பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க்கும் ஒப்புதல் கொடுத்துவிட்டன. பிரான்ஸ் இழுத்தது. இழுத்த இரண்டு வருடத்தில் ஸ்டாலின் இறந்தார், கொரியாவில் சண்டை நின்றது, இந்தோசீனாவில் பிரான்சின் ராணுவத் தளமான டியன் பியன் ஃபூ விழுந்தது. எந்தப் பயத்தில் யோசனை பிறந்ததோ அந்தப் பயம் ஆறிப்போனது. பிரான்சின் அப்போதைய பிரதமர் பியேர் மென்டெஸ் பிரான்ஸ் பிரஸ்ஸல்ஸுக்குப் போய்த் திருத்தம் கேட்டார், கிடைக்கவில்லை, திரும்பி வந்து அரசு நடுநிலை என்று ஒதுங்கிக்கொண்டார். எதிர்த்தவர்கள் யார் என்று பார்த்தால் கம்யூனிஸ்டுகளும் டி கால் ஆதரவாளர்களும், ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள். ஆதரவுக் கட்சிகளுக்குள்ளேயே பிளவு. 82 வயது முன்னாள் பிரதமர் எத்வார் எரியோ இருக்கையில் உட்கார்ந்தபடியே பேசினார், இது பிரான்சின் முடிவு என்ற பொருளில். 1954 ஆகஸ்ட் 30, ஒப்பந்தத்தைப் பற்றி விவாதம்கூட நடத்தத் தேவையில்லை என்கிற நடைமுறைத் தீர்மானம் 319-க்கு 264 என்று நிறைவேறியது. வென்றவர்கள் எழுந்து தேசிய கீதம் பாடினார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் உங்கள் கொக்கிக்கு நேரடியான பதில். இரண்டு மாதத்துக்குள், அக்டோபரில், வேறு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின: மேற்கு ஜெர்மனிக்குச் சொந்த ராணுவம், நேட்டோவில் இடம், அணு ஆயுதமும் ரசாயன உயிரி ஆயுதங்களும் தன் மண்ணில் செய்யமாட்டேன் என்று அடினாவரின் வாக்குறுதி. ஜெர்மன் ராணுவம் வரக்கூடாது என்பதற்காகவே ஐரோப்பிய ராணுவத்தைக் கண்டுபிடித்த அதே பிரெஞ்சு நாடாளுமன்றம் டிசம்பர் கடைசியில் இதற்கு, மயிரிழை வித்தியாசத்தில்தான் என்றாலும், சம்மதம் சொன்னது. 1955 மே மாதம் மேற்கு ஜெர்மனி நேட்டோவில் சேர்ந்தது. தன் ராணுவம் தன்னிடம் இருக்கட்டும், அதற்கு விலையாக ஜெர்மனிக்கும் ஒரு ராணுவம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று பிரான்ஸ் தேர்ந்தெடுத்தது. பயந்த பொருளையே வாங்கிக்கொண்டார்கள், டெலிபோனைத் தரவில்லை.

மேலே சொன்னதெல்லாம் ஆவணத்தில் உள்ளது. சந்தேகத்துக்குரியதையும் தனியாகச் சொல்லிவிடுகிறேன். ஜெனீவாவில் இந்தோசீனா சமாதானத்துக்குக் கைம்மாறாக இந்த ஒப்பந்தத்தைக் கொன்றுவிடுகிறேன் என்று மென்டெஸ் பிரான்ஸ் சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோட்டோவிடம் ரகசியமாக ஒப்புக்கொண்டார் என்ற பேச்சு அப்போதிலிருந்து உலவுகிறது. நிரூபிக்கும் ஆவணம் யாரும் காட்டியதில்லை, நான் நம்பவில்லை. அது நிறைவேறியிருந்தால் ஐரோப்பா இந்நேரம் ஒரே நாடாக ஆகியிருக்கும் என்று சொல்கிறவர்களும் உண்டு. ஒப்பந்தத்தின் 38-ஆவது ஷரத்து ஒரு அரசியல் சமூகத்துக்கும் வழி வைத்திருந்தது உண்மைதான். ஆனால் முதல் அல்ஜீரிய நெருக்கடியிலேயே அது உடைந்திருக்கும் என்பது என் ஊகம். ஊகம் மட்டும்தான்.

சரி, முழு ராணுவம் வேண்டாம், ஒரே ஒரு பொருளை மட்டும் பொதுவாக வைத்துக்கொண்டால்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். நேட்டோவுக்கென்று சொந்தமாக வானிலிருந்து கண்காணிக்கும் அவாக்ஸ் விமானங்கள் இருக்கின்றன. ஜெர்மனியில் கெய்லன்கிர்கனில் நிற்கின்றன, ஆனால் பதிவு லக்சம்பர்க்கில். போர்விமானமே வைத்துக்கொள்ளாத குட்டி நாட்டின் சிங்கம் அவற்றின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. பல நாட்டவர் கலந்த குழு ஒரே விமானத்தில் உட்கார்ந்து வேலை செய்வார்கள். 2011-ல் லிபியா விவகாரம் வந்தது. ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சிலில் ஜெர்மனி வாக்களிக்காமல் ஒதுங்கியது, அதோடு மத்தியதரைக் கடலில் பறக்கும் அவாக்ஸ் குழுக்களிலிருந்து தன் ஆட்களையும் இறக்கிக்கொண்டது. மற்றவர்கள் சமாளித்தார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், விமானம் பொது, பயிற்சி பொது, காசு பொது, நடுவில் சில இருக்கைகள் காலி.

ஊரில் பங்குக் கிணறு பார்த்திருப்பீர்கள். நாலு பங்காளிக்கு ஒரே கிணறு, ஒரே மோட்டார், முறை வைத்துத் தண்ணீர். ஒருத்தன் முரண்டு பிடித்தால் அவன் வயல் மட்டும் காய்வதில்லை. நாலு பேரும் சேர்ந்து சரி சொன்னால்தான் மோட்டார் ஓடும் என்று வைத்தால் காய்கிற வருடத்தில் பயிர் போய்விடும், மூன்று பேர் சொன்னால் போதும் என்றால் நாலாமவனுக்குக் கிணற்றில் பங்கு இருந்தும் இல்லாத மாதிரி.

ஜெர்மனியின் முரண்டு வெறும் அரசியல் என்று நினைத்துவிட வேண்டாம். அது சட்டம். 1994 ஜூலையில் அவர்களுடைய அரசியல் சாசன நீதிமன்றம், ஆயுதம் தாங்கிய எந்தப் பணிக்கும் படையை வெளியே அனுப்ப நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2003-ல் துருக்கி வானில் பறந்த அவாக்ஸில் ஜெர்மானியர் இருந்ததற்கும் அந்த ஒப்புதலை வாங்கியிருக்க வேண்டும் என்று 2008-ல் இன்னொரு தீர்ப்பு. 2009-ல், ஒன்றியத்தின் அடிப்படை விதிகளைத் திருத்திய லிஸ்பன் ஒப்பந்தம் பற்றிய வழக்கில், ஐரோப்பிய ஒருங்கிணைப்பு எவ்வளவு தூரம் போனாலும் இந்த அதிகாரத்தை விட்டுத்தர முடியாது என்ற அளவுக்குப் போனது. பக்கத்தில் பிரான்ஸ் எப்படி? ஜனாதிபதி முடிவெடுத்தால் படை கிளம்பிவிடும், மூன்று நாளுக்குள் நாடாளுமன்றத்துக்குத் தகவல் சொன்னால் போதும், நாலு மாதத்துக்கு மேல் நீண்டால்தான் வாக்கெடுப்பு. 2013 ஜனவரியில் மாலி நாட்டுக்குப் பிரெஞ்சு விமானங்கள் அப்படித்தான் சில மணி நேரத்துக்குள் கிளம்பின.

இந்த இரண்டு நாடும் சேர்ந்து 1989-லிருந்து ஒரு பிராங்கோ-ஜெர்மன் பிரிகேட் நடத்துகின்றன. தலைமையகம் ஒன்று, அணிவகுப்பு ஒன்று, புகைப்படத்தில் அழகாக இருக்கும். 2018-ல் அந்த பிரிகேட் மாலிக்குப் போனது. போனபோது பிரெஞ்சுக்காரர்கள் பிரான்ஸ் நடத்திய சண்டைப் பணிக்கும், ஜெர்மானியர்கள் ஐ.நா. பணிக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பயிற்சிப் பணிக்கும் என்று பிரிந்து போனார்கள். முப்பது வருடம் ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள், ஒரே பாலைவனம், வேறு வேறு உத்தரவு. இதைக் கேட்டு வகுப்பில் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை, ஏனென்றால் இரண்டு பேரும் தவறு செய்யவில்லை. ஜெர்மனி 1945-க்குப் பிறகு கற்றுக்கொண்ட பாடம், தனி ஒருவர் கையில் படையைக் கொடுக்காதே என்பது. பிரான்ஸ் 1940-ல் கற்றுக்கொண்ட பாடம், முடிவெடுக்கத் தாமதித்தால் நாடே போய்விடும் என்பது. இரண்டையும் ஒரே சட்டப் புத்தகத்தில் எப்படி எழுதுவது?

ஒன்றியத்தின் சண்டைக் குழுக்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தலா 1,500 பேர், ஆறு மாத முறை, 2007 ஜனவரியிலிருந்து முழுத் தயார் நிலை, இன்றுவரை ஒருமுறைகூடக் களத்துக்கு அனுப்பப்படவில்லை. எல்லா அரசுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும், அதோடு அந்த ஆறு மாதத்தில் யார் முறையோ செலவில் பெரும்பகுதி அவர்கள் தலையில். பந்திக்கு எல்லோரும் வருவார்கள், இலைக்குக் காசு அன்றைக்குப் பரிமாறுகிறவன் கொடுக்க வேண்டும் என்றால் என்ன ஆகும்?

செலவு மிச்சம் என்று நீங்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஐரோப்பாவில் 17 வகை டாங்குகள், அமெரிக்காவிடம் ஒன்று என்று ஐரோப்பிய ஆணையம் 2017-ல் ஒரு கணக்குக் காட்டியது. எதை ஒரு வகை என்று எண்ணுவது என்பதில் வல்லுநர்கள் சண்டை போடுவார்கள், ஆனாலும் வீணடிப்பு இருக்கிறது என்பதில் சண்டை இல்லை. ஆனால் ஒரே மாதிரி டாங்க் வாங்குவதற்கு ஒரே ராணுவம் தேவையில்லை. பேச்சில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள், அரசியல்வாதிகள் வேண்டுமென்றே குழப்புகிறார்கள் என்றுகூடச் சொல்வேன். மக்ரோன் 2018-ல் உண்மையான ஐரோப்பிய ராணுவம் என்றார், ஒரு வாரத்தில் மெர்கெலும் ஆமோதித்தார், 2025 பிப்ரவரியில் மியூனிக்கில் செலென்ஸ்கி ஐரோப்பாவின் ஆயுதப்படை என்றார். கேட்கிறவர் மனதில் நீல நிறக் கொடி, ஒரே சீருடை. சொல்கிறவர் மனதில் பெரும்பாலும் கூட்டுக் கொள்முதலும் ஒருங்கிணைப்பும்.

ஒன்றிய ஒப்பந்தத்திலேயே பொதுப் பாதுகாப்புக்கு வழி இருக்கிறது, ஆனால் எல்லா நாட்டுத் தலைவர்களும் ஒருமனதாக முடிவெடுக்க வேண்டும். அயர்லாந்து, ஆஸ்திரியா, மால்டா நடுநிலை நாடுகள். 2008-ல் லிஸ்பன் ஒப்பந்தத்தை வாக்கெடுப்பில் தோற்கடித்த அயர்லாந்துக்கு, உன் நடுநிலைக்கு ஒன்றும் ஆகாது என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் அடுத்த வருடம் ஒப்புக்கொண்டது. ஒருவரைத் தாக்கினால் மற்றவர்கள் உதவ வேண்டும் என்ற ஷரத்தும் இருக்கிறது. ஒரே ஒரு தடவை, 2015 நவம்பர் பாரிஸ் தாக்குதலுக்குப் பிறகு, பிரான்ஸ் அதைப் பயன்படுத்தியது. எப்படி? பிரஸ்ஸல்ஸ் மூலமாக இல்லை, ஒவ்வொரு நாட்டிடமும் தனித்தனியாகப் பேசி, அவர்கள் தங்கள் தங்கள் விதிப்படி உதவினார்கள். மறுபடியும் டெலிபோன். கிழக்கே போலந்தும் பால்டிக் நாடுகளும் இந்தப் பேச்சையே சந்தேகத்தோடு பார்ப்பவர்கள். ஐரோப்பிய ராணுவம் என்று ஒன்று வந்து, அதைச் சாக்காக வைத்து அமெரிக்கா கிளம்பிவிட்டால் என்ன செய்வது என்பது அவர்கள் பயம். ட்ரம்ப் காலத்தில் இந்தக் கணக்கு ஆடிப்போயிருக்கிறது, ஆனால் எந்தப் பக்கம் நிற்கும் என்று இப்போதே அடித்துச் சொல்கிறவரை நான் நம்பமாட்டேன். அணு ஆயுதம் இன்னும் சிக்கல். ஒன்றியத்துக்குள் அது இருப்பது பிரான்சிடம் மட்டும், அதன் நிழலை ஐரோப்பாவுக்கும் விரிப்பதைப் பற்றிப் பேசலாம் என்கிற மக்ரோனே முடிவு பிரெஞ்சு ஜனாதிபதியிடம்தான் இருக்கும் என்று சேர்த்தே சொல்கிறார்.

இது என்றாவது நடக்குமா என்று கேட்டால், 1952 மாதிரி மேலிருந்து ஒப்பந்தம் போட்டு நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கீழிருந்து, சத்தமில்லாமல் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது, என் மாணவர்களிடம் எப்போதும் அதைப் பார்க்கச் சொல்வேன். நெதர்லாந்து 2011-ல் சிக்கனத்துக்காகத் தன் டாங்குகளைக் கைவிட்டது, நூறு டாங்கை பின்லாந்து வாங்கிக்கொண்டது. பிறகு ஜெர்மனியிடமிருந்து 18 லெப்பர்டு டாங்குகளைக் குத்தகைக்கு எடுத்து, லோஹைடே என்ற இடத்தில் இருக்கும் 414-ஆம் எண் ஜெர்மன் டாங்க் பட்டாலியனுக்குள் ஏறக்குறைய நூறு டச்சுக்காரர்களை வைத்தது. 2014-ல் ஒரு டச்சு பிரிகேட், 2016-ல் இன்னொன்று, 2023-ல் மூன்றாவதும் ஜெர்மன் டிவிஷன்களோடு இணைந்தன. டச்சு ராணுவத்தின் சண்டை பிரிகேடுகள் மொத்தமே இந்த மூன்றுதான். சட்டப்படி ஒரு துளி இறையாண்மையும் போகவில்லை, டச்சு அரசு சொல்லாமல் டச்சு சிப்பாய் ஒருவரும் நகரமாட்டார். ஆனால் டாங்க் வேண்டிய ஒரு சண்டைக்கு நெதர்லாந்து சரி சொல்லி, ஜெர்மன் நாடாளுமன்றம் வேண்டாம் என்றால்? டெலிபோன் கையில் இருக்கும், மறுமுனையில் எடுக்க ஆள் இருக்காது. பிளேவன் எழுதி வாங்க முடியாமல் போனதை இங்கே பட்ஜெட் வாங்கிக்கொண்டிருக்கிறது.

2024-ல் நெதர்லாந்து மறுபடியும் சொந்தமாக ஒரு டாங்க் பட்டாலியன் வைத்துக்கொள்ள முடிவு செய்தது. காரணம் ரஷ்யா என்றார்கள், அது உண்மையும்கூட. ஜெர்மனியோடு உள்ள இணைப்பையும் அவர்கள் கலைக்கவில்லை. மூன்று பிரிகேடும் அங்கேயே இருக்கின்றன, டாங்குகளுக்கு மட்டும் ஆர்டர் போயிருக்கிறது.